அரசுக் காவலில் ஒரு பக்கெட்

"சார், கக்கூஸ் சாவி குடுங்க."

வெளியிடத்தில் வாய் திறந்து இதைக் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது சொன்னாள். காஞ்சிபுரத்துக் காலேஜுக்கு பஸ் ஏற்றும்போது சொன்னாள். இன்று காலையிலும் சொன்னாள். அங்க தண்ணி குடிக்காத, அடக்கிக்கோ, பொம்பளப் புள்ள அத்தப் போய் கேட்டா மானம் பூடும். வழக்கமாக இதற்கு முன்னால் "கெளம்பறதுக்குள்ள போய்ட்டு வந்துடு" என்று ஒரு வரி வரும். இன்று அதை மட்டும் விழுங்கிவிட்டாள். எங்கள் வீட்டில் கக்கூஸ் இருக்கிறது. அதன் கதவில் அரக்கு சீலும் இருக்கிறது.

நான் கேட்டதும் பேரூராட்சி அலுவலகத்தில் கீபோர்டு சத்தம் நின்றது. செயல் அலுவலர் ஜானகிராமன் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே நிமிர்ந்தார்.

"இன்னாம்மா கேட்ட?"

"கக்கூஸ் சாவி சார்."

"அது கக்கூஸ் இல்லம்மா இப்போ." குரலைத் தாழ்த்தினார். "சாட்சிப்பொருள் அறை."

அவர் மேஜையில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ஒன்று, சாமி படத்துக்கு ஒன்று, வரி வசூல் கவுண்ட்டரில் ஒரு கொத்து. மல்லிகை வாசனையும் பீ நாற்றமும் ஒன்றோடொன்று சண்டை போடாமல், கைகோத்துக்கொண்டு அலுவலகம் முழுக்க நடந்தன. பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவர் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். டைப்பிஸ்ட் அம்மாவின் கண் கலங்கியிருந்தது. சோகத்தால் அல்ல.

அந்த நாற்றம் எங்கள் வீட்டுடையது. அது அரசாங்கச் சொத்தான கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூர் போகிற ரோட்டில் இருக்கிறது. பெயர் சொன்னால் ஊர் மானத்தைக் கெடுத்ததற்கு இன்னொரு நோட்டீஸ் வரும், அதனால் வேண்டாம். முன்பு முழுக்கக் கிராமமாக இருந்தது. பிறகு ரோட்டுக்கு இந்தப் பக்கத்தை மட்டும் பேரூராட்சியில் சேர்த்து நகரமாக்கினார்கள். நகரமானதற்கு அடையாளமாக ஓர் அலங்கார வளைவு கட்டினார்கள். 'திறந்தவெளியில் மலம் கழிக்காத நகரம் உங்களை வரவேற்கிறது' என்று அதில் எழுதினார்கள். எருமைகளுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. இரண்டு பக்கமும் மேய்கின்றன.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரி. கார்த்திகையில் ஏரி நிறைந்தால் மண்வெட்டி போட்ட இடத்தில் தண்ணீர். அந்த மண்ணில் செப்டிக் டேங்க் புதைத்தால் டேங்கில் இருப்பது கைப்பம்பில் வரும். புதைத்தவர்கள் வீட்டில் வருகிறது. அதைத் துணியில் வடிகட்டிக் குடித்துவிட்டு, பிள்ளைக்கு ஏன் வயிற்றால் போகிறது என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். டேங்க் நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சும். உறிஞ்சியதை அதே ஏரியில் கொட்டும். பிறகு அது மறுபடி கைப்பம்பில் வரும். எங்கள் ஊரில் எதுவும் வீணாவதில்லை.

நான் மைக்ரோபயாலஜி படித்தவள். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம். அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிய படிப்பை எதில் போட்டாய் என்று கேட்டால், கக்கூஸில் போட்டேன்.

தரைக்கு மேலே உயர்த்திக் கட்டிய மட்கு கழிப்பறை. கீழே இரண்டு அறைகள். மூத்திரம் தனிக் குழாயில் போய்விடும், கழுவுவதற்கு ஓரத்தில் தனி இடம். போனதும் இரண்டு கை உமிச்சாம்பல் போட வேண்டும். ஓர் அறை நிறைந்தால் அதை மூடிவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். மூடியது அடுத்த வருஷம் மண்ணாகிவிடும். நாற்றம் இல்லை, ஈ இல்லை, ஏரிக்குப் போக ஒன்றும் இல்லை. ஒரே கட்டளை: உள்ளே தண்ணீர் படக்கூடாது.

அம்மா அதற்கு 'சாம்பல் கக்கூஸ்' என்று பெயர் வைத்தாள். ஐசக் கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டே கட்டினார். கட்டி முடித்ததும் தன் வீட்டிலும் ஒன்று கட்டிக்கொண்டார். அவர் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம், அதாவது கிராமம். அங்கே மேலிடத்திலிருந்து ஜீப்பில் வந்து அவர் கக்கூஸுக்கு மாலை போட்டு, 'முன்மாதிரி' என்று போர்டு மாட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரோட்டைத் தாண்டி நான் கட்டியது குற்றம்.

அது குற்றம் என்று எனக்கே தெரியாது. சுகாதார ஆய்வாளர் வசந்த்குமார் வந்துதான் தெரிந்தது. 'தூய நகரம்' என்று ஒரு போட்டி. எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க் இருந்தால் பேரூராட்சிக்குக் கேடயம். அவர் கையில் போனை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"டேங்க் கீதாம்மா?"

"இல்ல சார். இது வேற மாதிரி."

போனைத் தட்டினார். மறுபடி தட்டினார். "ஆப்புல 'இல்ல'ன்னு போட எடமே இல்லம்மா. கீதுன்னு போட்டுக்கறேன், நீ கண்டுக்காத."

"இல்லாதத ஏன் சார் கீதுன்னு போடறீங்க?"

ஒரு நகரத்தின் கேடயத்தைத் தட்டிவிட்டவளைப் பார்க்கும் பார்வை பார்த்தார். "படிச்ச பொண்ணு மாதிரி பேசறியேம்மா," என்றார். அது பாராட்டு இல்லை.

அடுத்த முறை விதியோடு வந்தார். எந்தக் கழிப்பறையாக இருந்தாலும் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அந்த விதி. எங்கள் கிணற்றடியில் இருந்த நீல பக்கெட்டை நிரப்பிக்கொண்டு கக்கூஸ் படியேறினார். நான் கதவை மறித்து நின்றேன்.

"சார், இதுல தண்ணி ஊத்தக் கூடாது. ஊத்துனா நாறும்."

"நாறுதா இல்லியான்னு பாக்கத்தானேம்மா ஊத்தறது."

ஊற்றினார். இறங்கவில்லை. இறங்குவதற்குக் குழாயே இல்லை. விதியில் 'இறங்கும் வரை' என்று இருந்ததால் இன்னொரு பக்கெட் ஊற்றினார். அதற்குப் பிறகும் ஊற்றினார். மாதக்கணக்காகச் சாம்பலில் அமைதியாகக் காய்ந்துகொண்டிருந்தது ஊறி, பொங்கி, குமிழி விட்டு, பின்பக்கக் கதவின் இடுக்கில் ஒழுகத் தொடங்கியது. நாற்றம் தெருவுக்குப் போனது. எங்கள் தெரு முதல்முறையாக எங்கள் கக்கூஸைத் திரும்பிப் பார்த்தது. வசந்த்குமார் திருப்தியோடு எழுதினார்: 'துர்நாற்றம் வீசுகிறது. நீர் இறங்கவில்லை.'

"முன்னாடி நாறலியே சார்!"

"முன்னாடி நான் ஆய்வு பண்ணலியே."

பிறகு மாதிரி எடுத்தார். அகப்பை கேட்டார், அம்மா தரவில்லை. எங்கள் முறத்தால் அள்ளி, எங்கள் பக்கெட்டில் நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். எனக்கு ரசீது கொடுத்தார். 'மலம், ஒரு பக்கெட். நீல நிறம். கைப்பிடி நல்ல நிலையில்.' நீல நிறம் எதனுடையது என்று அதில் தெளிவாக இல்லை. அதை ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடையிலும் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். போவதற்கு முன் கதவுக்கும் சீல் வைத்தார்.

நோட்டீஸ் பின்னாலேயே வந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி எங்களுடையது தடைசெய்யப்பட்ட உலர் கழிப்பிடமாம். மனுஷன் கழித்ததை மனுஷன் தலையில் தூக்கக் கூடாது என்பதற்காக, எத்தனையோ பேர் செத்து வாங்கிய சட்டம் அது. யாரும் எதையும் அள்ள வேண்டாத ஒரு கக்கூஸை மூடுவதற்குத்தான் எங்கள் ஊரில் அதை முதல்முறையாகப் பீரோவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். போன வருஷம் கல்யாண மண்டபத்து டேங்கில் இறங்கி ஒருவர் மூச்சடைத்துச் செத்தார். அப்போது பீரோ சாவி தொலைந்திருந்தது போல.

அந்தச் சட்டத்தை ஆபீசில் முழுசாகப் படித்த ஒரே ஆள் வசந்த்குமார். படித்து முடித்ததும் மனு எழுதினார். பக்கெட்டைத் தன் கையால் சுமந்ததால் தானும் கையால் மலம் அள்ள வைக்கப்பட்டவர் என்றும், சட்டப்படி தனக்கு மறுவாழ்வு வேண்டும் என்றும், அது காஞ்சிபுரம் டவுனுக்கு மாற்றலாக இருந்தால் நல்லது என்றும்.

பக்கெட்டை முதலில் பதிவேட்டு அறையில் வைத்தார்கள். சித்திரை வெயிலில் அரக்கு இளகியது. துணி நெகிழ்ந்தது. பெண் ஊழியர்கள் வாந்தி எடுத்தார்கள். பொருத்தமான இடம் எது என்று யோசித்து, அலுவலகக் கக்கூஸுக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி செயல் அலுவலரிடம். அதிலிருந்து ஊழியர்கள் யாருக்கும் கக்கூஸ் இல்லை. ஆண்கள் சுவருக்குப் பின்னால் போகிறார்கள். டைப்பிஸ்ட் அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். அவருக்கும் ஓர் அம்மா இருந்திருப்பாள், சொல்லி வளர்த்திருப்பாள்.

எனக்கு இது எதுவும் பெரிதில்லை. நானும் அம்மாவும் விடியும் முன் ஏரிக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தோம், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் இன்று சாயங்காலம் என் தங்கச்சி கீர்த்தி வருகிறாள். நிறைமாசம். மாகறலில் மாமியார் வீட்டில் வளையல் போட்டு, பிரசவத்துக்கு அம்மாவோடு வேனில் அனுப்புகிறார்கள். வேண்டாம், தள்ளிப் போடலாம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வளையல் போட்ட பொண்ண ராவுக்கு அந்த வூட்லயே வெச்சிருந்தா ஊரு இன்னா பேசும்? நாம கூப்டுக்கினு வந்தே ஆவணும்," என்றாள். பிறகு சீல் வைத்த கதவைப் பார்த்துக்கொண்டே, "நெற வயித்தோட கரை ஏறி எறங்குவாளாடி அவ?" என்றாள்.

போன வாரம் மழை பெய்த அன்று அந்தக் கரையில் அம்மாவே வழுக்கி விழுந்தாள். லாரி கொட்டியதில்.

அதனால்தான் நோட்டீஸில் கூப்பிட்டிருந்த விசாரணைக்கு இன்று வந்தேன். கையில் ஒரு மஞ்சள் பையில் உமிச்சாம்பல். இரண்டு கை போட்டால் பக்கெட் நாற்றம் நின்றுவிடும், கண்ணெதிரே காட்டலாம் என்று நினைத்தேன். படித்தவளின் முட்டாள்தனம்.

"சாம்பலா? சாட்சியத்தக் கலைக்கறதா?" என்றார் ஜானகிராமன். "நாத்தம்தாம்மா கேசே. நாத்தம் பூட்டுதுன்னா கேஸ் எங்க நிக்கும்?"

"அப்ப சாவியாவது குடுங்க சார். அவசரம்."

"தலைவர் வரட்டும்."

தலைவர் தமிழரசன் வந்தார். வாசலிலேயே நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, உள்ளே வந்து, பேச வேண்டியிருந்ததால் வேறு வழியில்லாமல் விட்டார்.

"எம்மா, வளர்மதி தானே உன் பேரு? நல்ல பேரு. கேட்டுக்கோ. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல கல்லுல சட்டம் எய்தி வெச்ச மண்ணு இது. எப்பிடி ஓட்டு போடணும், யாரு நிக்கணும், யாரு நிக்கக் கூடாது, அல்லாம் கீது. கக்கூஸ் பத்தி ஒரு வரி கீதா? இல்ல. ஏன்? நம்ம முன்னோருங்க அத்தப் பத்தி பேசல. மானத்தோட வாய்ந்தாங்க."

"அந்தக் கல்லுலதான் சார், கணக்கு காட்டாதவன் தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னும் கீது."

அவர் அதைக் கேட்கவில்லை. அல்லது கேட்டார். "நகரம்னா இன்னா? சொல்லு. நாம கீய உக்கார்றோம், தண்ணிய வுடறோம், அது பூடுது. எங்க போவுது? தெரியாது. அதாம்மா நகரம்! என் வூட்ல மாடி மேல மாடி, அஞ்சு கக்கூஸ். அதெல்லாம் எங்க போவுதுன்னு நான் இதுவரிக்கும் ஒரு நாளு கேட்டதில்ல. கேக்கறது அநாகரிகம். நீ இன்னாடான்னா அத்த வூட்லயே வெச்சி, சாம்பல் போட்டு, மண்ணா ஆக்கறேன்ற. நம்மது நமக்கே தெரியிற எடத்துல கீறதா? அதுக்குப் பேரு கிராமம்."

"உங்க லாரி எங்க கொட்டுதுன்னு நான் பாத்திருக்கேன் சார். எங்க அம்மா அதுல வழுக்கி வுயிந்தாங்க."

"பாக்காத," என்றார் உண்மையான அக்கறையோடு. "அந்தப் பக்கம் ஏன் பாக்கற?"

ஜானகிராமன் சமாதானத்துக்கு வந்தார். "சட்டத்துல ஒரு வழி கீதும்மா. ரோட்டுக்கு அந்தாண்ட ஐசக் வூட்டாண்ட எடம் கீதில்ல? கக்கூஸ மட்டும் அங்க மாத்திக்கோ. வூடு இங்கயே இருக்கட்டும். நகரத்துல குடியிரு, கிராமத்துல போ. மெய்ன் ரோடுதான், பாத்து கிராஸ் பண்ணு."

இதற்குள் தலைவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மொதல்ல அந்தச் சனியன இங்கேர்ந்து எடுங்கய்யா," என்றார்.

யாரைச் சொல்வது என்று ஜானகிராமன் யோசிக்கவில்லை. அந்த அறையில் பதினைந்து பேர் இருந்தோம். அவர் தலை தானாகவே வாசல் பக்கம் திரும்பியது. அங்கே செல்லாயி அக்கா துடைப்பத்தோடு நின்றிருந்தார். அலுவலகம் கூட்டுகிறவர்.

"செல்லாயி, அந்த பக்கெட்ட எடுத்துக்கினு போய் எங்கியாவது கொட்டிட்டு வா."

செல்லாயி அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "ஏன் சார், ஐயா தூக்கியாந்ததுக்கு மாத்தல் கேக்கறாரு. நான் தூக்குனா இன்னா தருவீங்க?"

வசந்த்குமார் காலண்டரைப் பார்த்தார்.

"குடுக்கறதுக்கு இன்னா கீது, உன் வேல தானே அது?"

"பெருக்கறதுக்குத்தான் சார் என்ன வெச்சீங்க. இத்தத் தூக்கறதுக்குத் தேவுடு காத்துக்கினு இல்ல நானு."

நான் பையிலிருந்து அவர்களுடைய நோட்டீஸை எடுத்தேன். அவர்கள் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ். "சார், இதுல நீங்களே எய்திக்கிறீங்க. ஒருத்தரக் கையால அள்ள வெச்சா, தூக்க வெச்சா, வெச்சவருக்கு ஜெயில். அக்காவ இன்னொருவாட்டி கூப்டுங்க. நான் இத்த எடுத்துக்கினு நேரா ஸ்டேஷனுக்குப் போறேன்."

ஜானகிராமன் எட்டி, நோட்டீஸில் இருந்த தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த அலுவலகத்துக்கு ஒரு விஷயம் உறைத்தது. பக்கெட்டைச் செல்லாயி தூக்கக் கூடாது. வேறு யாரையும் தூக்கச் சொல்லவும் கூடாது. தாமே தூக்கலாம், சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அந்த யோசனை அங்கே யாருக்கும் வரவில்லை. அரசுக் காவலில் உள்ள பீயை அப்புறப்படுத்த அரசாணையும் இல்லை. அது அங்கேயே இருக்கும். இவர்கள் ஓய்வு பெறுவார்கள், அது பணியில் இருக்கும்.

தலைவரும் செயல் அலுவலரும் மூலையில் குசுகுசுத்தார்கள். திரும்பி வந்தபோது ஜானகிராமன் குரலில் தேன் ஒழுகியது. ஒரு தாளை என் முன்னால் வைத்தார். அதன்மேல் சாவியை வைத்தார்.

"இந்தாம்மா, நீ கேட்ட சாவி. நீயே போய் உன் பக்கெட்ட எடுத்துக்கோ. உன்னுது, நீ தூக்குனா தப்பில்ல. இதுல ஒரு கையெழுத்து. சாம்பல் கக்கூஸ இடிச்சிட்டு டேங்க் கட்டிக்கறேன், பக்கெட்ட நல்ல நெலமையில வாங்கிக்கினேன். அவ்ளோதான். ஃபைல குளோஸ் பண்ணிடறேன்."

"டேங்க் கட்ற வரிக்கும் சீல எடுப்பீங்களா?"

"கட்டுனாத்தானேம்மா எடுக்க முடியும்."

"இன்னிக்கி சாயங்காலம் எந்தங்கச்சி வர்றா சார். நெறமாசம். அவ எங்க போவா?"

அவர் கை மெதுவாக உயர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே, ஏரிப் பக்கம் ஓர் அசைப்பு அசைத்தது. "நம்ம ஊர்ல கரைக்கு இன்னாம்மா பஞ்சம்."

"வளைவுல 'திறந்தவெளியில் கழிக்காத நகரம்'னு எய்திக்கிதே சார். போனா ஃபைன்னு மைக் கட்டிச் சொன்னீங்களே."

"பொயுது சாஞ்சா ஃபைன் போட ஆளு இல்லம்மா," என்றார். பெரிய சலுகையைக் கொடுத்த முகம் அவருக்கு. தலைவர் ஆமோதித்துத் தலையாட்டினார். நிறைமாசக்காரி இருட்டில், லாரிக் கசடில், வழுக்கும் கரையில் கால் வைத்து இறங்குவதை அந்த அறையில் யாருமே மனசில் பார்க்கவில்லை. பார்ப்பது அநாகரிகம்.

நான் சாவியை எடுத்துக்கொண்டேன். மஞ்சள் பையையும்.

கதவைத் திறந்தேன். ஸ்டிக்கர் கூட உரிக்காத பீங்கான். திறந்தால் காற்று வரும் குழாய். நடுவில், பதவியேற்றவர் மாதிரி, எங்கள் நீல பக்கெட். பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அடக்கியது. வெளியே ஒரு பேரூராட்சியே கைக்குட்டையோடு காத்திருந்தது, நான் அவசரப்படவில்லை. முடிந்ததும் என்னுடையதன் மேல் இரண்டு கை சாம்பல் போட்டேன். பக்கெட்டின் மேல் ஒரு சிட்டிகை கூடப் போடவில்லை. சாட்சியத்தைக் கலைக்கக் கூடாது.

வெளியே வந்தேன். கதவைப் பூட்டினேன்.

"பக்கெட் எங்கம்மா?"

"உள்ளதான் கீது சார். பத்திரமா கீது."

"எடுக்கலியா?"

"அது கவர்மெண்ட் சொத்து சார். எங்கிட்ட ரசீது கீது."

சாவியைக் கையெழுத்துப் போடாத தாளின் மேல் வைத்தேன். ஜானகிராமன் வாய் திறந்தார். திறந்த வாயில் நாற்றம் போனதால் மூடிக்கொண்டார். "படிச்ச பொண்ணு..." என்று தலைவர் ஆரம்பித்தது பின்னால் கேட்டது. வசந்த்குமார் என் கையைப் பார்த்தார். "சாம்பலயாவது வெச்சிட்டுப் போம்மா," என்றார், கெஞ்சுகிற குரலில்.

"இல்ல சார். வூட்ல ராவுக்கு வோணும்."

செல்லாயி அக்கா வாசலில் வழிவிட்டார். படி இறங்கினேன். மாகறலிலிருந்து வேன் வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். கக்கூஸ் கதவின் அரக்கைச் சுரண்டக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.